நோலா மேட் அடித்த ஒரே சீலிங்

குளியலறை சீலிங்குக்குப் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கேட்டு யாராவது என் கடைக்கு வந்து, அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் நோலா ஸ்கெரட்டும் அங்கே இருந்துவிட்டால், அவர்கள் கதை முடிந்தது. டின்னைக் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். கடை என்னுடையது, டின் என்னுடையது, வந்தவர் என் வாடிக்கையாளர். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"உங்க வீட்டுல குளிக்கிறீங்களா, இல்ல சும்மா அழகுக்குத் தொட்டி வாங்கிப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள். "குளிக்கிறதா இருந்தா லேசா பளபளக்கிற சாட்டின் வாங்குங்க. மேட் தண்ணியைக் குடிக்கும். குடிச்ச இடத்துல பூஞ்சை குடித்தனம் பண்ணும்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊர் வெஸ்ட்போர்ட்டில் மழை நின்ற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். அதோடு சுரங்கத்து வீடுகளில் கரி சும்மா வரும். கரி அடுப்பு நாள் முழுக்க எரியும், அதன் முதுகில் கட்டிய தொட்டியில் தண்ணீர் நாள் முழுக்கக் கொதிக்கும். ஒரு மணி நேரம் ஊறிக் குளிக்காதவன் இந்த ஊரில் கிடையாது. கடி ஈக்குப் பயந்து ஜன்னலையும் திறக்க மாட்டோம். நீராவி எங்கே போகும்? மேலேதான் போகும். பிறகு, சீலிங் கறுத்துவிட்டது, உன் பெயிண்ட் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். முப்பத்தொரு வருஷமாக இந்தத் திட்டை வாங்கி வாங்கி எனக்குக் காது மரத்துப் போயிற்று.

நோலாவுக்கு நாற்பது வயதானபோது அவள் புருஷன் ராஸ், குவீன்ஸ்லாந்து சுரங்கத்தில் வேலை என்று சொல்லிவிட்டு, மதுக்கடையில் இருந்த ஒருத்தியோடு போய்விட்டான். போகும்போது ஏணியையும் வேனையும் விட்டுப் போனான். "அவன் எனக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம் அந்த ஏணிதான்" என்பாள். பெயிண்ட் அடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஆனால் முன்வாசல், வரவேற்பறை வேலையெல்லாம் ஆண்களுக்கே போயிற்று. கழுத்து ஒடிகிற வேலை என்று அவர்கள் தட்டிக் கழித்த குளியலறை சீலிங்குகள்தான் இவளுக்கு வந்தன. இருபது வருஷத்தில் இந்த ஊரில் அவள் அண்ணாந்து பார்க்காத குளியலறை அநேகமாக இல்லை என்றாயிற்று.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன், பூட்ஸைக் கழற்றிவிட்டு, உடுத்திய உடையோடு அந்த வீட்டுக் காலித் தொட்டியில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். தொட்டி விளிம்பில் ஒரு கைவிளக்கைச் சாய்த்து வைப்பாள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் சீலிங்கின் மேடு பள்ளம் எல்லாம் நிழல் கட்டித் தெரியும். ஒரு குவளை டீ ஆறுகிற நேரம் அப்படியே கிடப்பாள். வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பயப்படுவார்கள்.

"பெயிண்டர் நின்னுக்கிட்டுப் பார்க்கிறான். குடியிருக்கிறவங்க படுத்துக்கிட்டுப் பார்க்கிறாங்க. அதனாலதான் எல்லாப் பயலும் தப்பாத் தேர்ந்தெடுக்கிறான்" என்பது அவள் நியாயம். சாட்டினா, அரைப் பளபளப்பா, முழுப் பளபளப்பா என்பதை அந்தத் தொட்டியில் கிடந்தபடிதான் முடிவு செய்வாள்.

எனிட் பெவன் விஷயத்தில் அவளைக் கூப்பிடாதது என் முட்டாள்தனம்.

எனிட் எழுபத்து நான்கு வயது விதவை. கணவர் எம்ரிஸ் கரிச் சுரங்கத்தில் இருந்தவர், இறந்து அப்போது பன்னிரண்டு வருஷம். கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகள் ரோவெனா, அம்மா குளிரில் கிடக்கிறாளே என்று நாலு வருஷத்துக்கு முன் கூரைக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு போட ஏற்பாடு செய்தாள். மஞ்சள் பஞ்சு மெத்தைகளைக் கட்டுக் கட்டாக விற்றவன் நான்தான். அந்தக் குளிர்காலத்திலிருந்து எனிட் ஆண்டுதோறும் என் கடைக்கு வந்து சீலிங் பெயிண்ட் கேட்க ஆரம்பித்தாள்.

முதல் வருஷம் சாட்டின் கொடுத்தேன். அடுத்த வருஷம், "கறை திரும்ப வந்துடுச்சு, லின்ட்சே" என்றாள். அரைப் பளபளப்பு கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் முழுப் பளபளப்பு, அதுவும் பூஞ்சைக்கொல்லி கலந்தது. ஆஸ்பத்திரிகளில் அடிப்பது. பூஞ்சை வந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று வேறு வாய்ச்சவடால் அடித்தேன்.

நாலாவது வருஷம், ஜூன் மாதம், அவள் வந்தபோது மெலிந்திருந்தாள். தலைமுடி அழுக்கேறியிருந்தது.

"பூஞ்சை வரலை. தண்ணி நிக்குது. அதே இடத்துல, அதே மாதிரி, முத்து முத்தா. அப்புறம் என் மேல சொட்டுது" என்றாள்.

"அதே மாதிரின்னா?"

பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். "ரெண்டு மாசமா நான் தொட்டியில இறங்கலை. பின்பக்கம் வாளியில மொண்டு ஊத்திக்கறேன். போன வாரம் அங்க வழுக்கி விழுந்தேன். ரோவெனாவுக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள நான் சொந்தத் தொட்டியில குளிக்கலைன்னா, முதியோர் இல்லத்துல சேர்த்துடுவா. இல்லத்துக்கு எழுதியே கேட்டுட்டா."

"ஒரு சீலிங்குக்காகவா வீட்டை விட்டுப் போறீங்க?"

"அது சீலிங் இல்ல, லின்ட்சே" என்றாள். அவள் கண்ணில் இருந்தது பயம். சுத்தமான பயம்.

அன்று சனிக்கிழமை. மத்தியானமே கடையை அடைத்துவிட்டு நோலாவோடு கிளம்பினேன். வேனில் ஏறியதிலிருந்து எனக்கு அர்ச்சனைதான். "நாலு வருஷம்! முழுப் பளபளப்பாம்! ஆஸ்பத்திரி பெயிண்ட்டாம்! ஒரு தடவை போய் அண்ணாந்து பார்த்தியா, மேதாவி?"

மழை பிடித்துக்கொண்டிருந்தது. எனிட் எங்களுக்காக அடுப்பை நன்றாகத் தூண்டி வைத்திருந்தாள். தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அறை நீராவியால் நிறைந்ததும் வடித்துவிடும்படி என்னிடம் சொன்னாள் நோலா. எனிட் குளியலறைக்கு வெளியே நடையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரவில்லை.

நோலா பூட்ஸைக் கழற்றினாள், தொட்டியில் படுத்தாள், விளக்கைச் சாய்த்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் ராஸைப் பற்றியோ கழுத்து வலியைப் பற்றியோ ஏதாவது முணுமுணுப்பாள். அன்று சீலிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீ ஆறுகிற நேரமும் கடந்துபோயிற்று.

பிறகு மெதுவாக எழுந்து, "நீ படு" என்றாள்.

"நான் எதுக்கு?"

"படுன்னா படு."

படுத்தேன். தொட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே பார்த்தேன்.

வெள்ளையாகப் பளபளத்த சீலிங்கில் எனக்கு நேர் மேலே ஓர் ஆள் படுத்திருந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, அந்த உருவம் மட்டும் நீர்த்துளிகளால் நிறைந்திருந்தது. தலை, தோள், நெடிய உடம்பு. இடது கால் நீட்டியிருந்தது. வலது கால் பக்கவாட்டில் மடங்கி, பாதம் இடது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடித் தரைக்கு மேலே படுத்தவரைக் கீழேயிருந்து பார்ப்பது போல. தலை இருந்த இடத்திலிருந்து ஒரு துளி கழன்று என் நெற்றியில் விழுந்தது. ஐஸ் போல இருந்தது. நான் எப்படி அந்தத் தொட்டியை விட்டு வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

"எம்ரிஸுக்கு வலது முட்டி நீளாது" என்றாள் எனிட், வெளியிலிருந்து. அவள் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சுரங்கத்துல கூரை இடிஞ்சு விழுந்தப்போ நசுங்கினது. ஒண்ணரை நாள் இருட்டுல, செத்துப்போன கூட்டாளி பக்கத்துலயே கிடந்தார். அப்புறம் அந்தக் காலை அப்படி மடக்கித்தான் படுப்பார்."

நோலா தொட்டி விளிம்பில் ஏறி நின்று சீலிங்கைக் கையால் தடவினாள். உருவத்துக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை. "இங்க சூடா இருக்கு. இங்க ஜில்லுனு இருக்கு. இது பெயிண்ட் கோளாறே இல்ல, மிசஸ் பெவன். மேல பஞ்சு அமுங்கியிருக்கு. அமுங்கின இடத்துல குளிர் கீழ இறங்கும், குளிர்ந்த இடத்துல ஆவி தண்ணியாகும். எந்த டின்னைக் கொண்டாந்து அடிச்சாலும் நிக்காது. கூரைக்குப் போற வழி எங்க?"

வழி பின்பக்கம், துணி துவைக்கும் இடத்துக்கு மேலே ஒரு சதுரப் பலகையாக இருந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நோலா மேலே ஏறி மறைந்தாள். அவள் தவழ்வது தலைக்கு மேலே கேட்டது. குளியலறைக்கு நேராகப் போனதும் நின்றது. வெகுநேரம் எந்த அசைவும் இல்லை.

இறங்கி வந்தபோது அவள் கையில் நசுங்கிய பழைய சாக்கு ஒன்றும், புதினா மிட்டாய் டப்பா ஒன்றும் இருந்தன. "பஞ்சுக்கு அடியில, பலகை மேல இதை விரிச்சிருந்தது" என்றாள். "நம்ம தொட்டிக்கு நேர் மேல."

எனிட் டப்பாவை வாங்கிக்கொண்டாள். கரித்தூள் இருமலுக்கு எம்ரிஸ் எப்போதும் மெல்லுகிற மிட்டாய். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எம்ரிஸைப் பற்றி ஊரில் ஓடிய பேச்சைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

விபத்துக்குப் பிறகு எம்ரிஸால் படுக்கையறையில் தூங்க முடியவில்லை. மனைவி பக்கம் திரும்பிக்கூடப் படுப்பதில்லை. தினமும் சாப்பிட்டதும் எழுந்து போவார், பின்கதவு சாத்தும் சத்தம் கேட்கும், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவார். பக்கத்து ஊரான வைமங்கரோவாவில் அவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊரே சொன்னது. எனிட்டும் நம்பினாள். பதினாறு வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு சாத்தியதும் தொட்டியில் இறங்கி, குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

"கடைசி நாள்ல சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுக் கிடந்தார்" என்றாள். "எனக்கு ஆத்திரம் தாங்கலை. செத்தும் அங்கேயே போய்ப் படு, என் பக்கம் மட்டும் திரும்பிடாதேன்னு சொன்னேன். விடியறதுக்குள்ள போயிட்டார்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கேயும் போகலை, இங்கதான் மேல கிடந்திருக்கார். இருட்டும் இடுக்கும் இல்லாம அவருக்கு மூச்சு விட முடியலை போல, பைத்தியக்கார மனுஷன்" என்றாள் எனிட். பிறகு நோலாவைப் பார்த்தாள். "நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்குமா, நோலா?"

நோலாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஒரு பலகைதான் நடுவுல. கேட்டிருக்கும்" என்றாள்.

"மேல பார்த்துப் படுத்திருக்காரா, கீழ பார்த்தா?"

"மேல பார்த்துத்தான். நான் மல்லாந்து படுத்துப் பார்த்தப்போ, அவரோட மடங்கின வலது கால் என் வலது கைப் பக்கம் இருந்துச்சு. அப்போ அவரும் என்னை மாதிரியேதான் மல்லாந்து கிடக்கார். முதுகுதான் உங்க பக்கம்."

எனிட் தலையை ஆட்டினாள். அதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நோலா வேனை ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே ஓரங்கட்டினாள்.

"சாக்கு பஞ்சுக்கு அடியில கிடந்துச்சு, சரி. அது அவர் உயிரோட இருந்தப்போ விரிச்சது" என்றாள். "ஆனா அமுங்கியிருக்கிறது பஞ்சு. அதை நீ எப்போ வித்தே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சு போட்டு நாலு வருஷம். எம்ரிஸ் செத்துப் பன்னிரண்டு வருஷம்.

"பஞ்சு போட வந்த ஆள் அசதியில சாய்ஞ்சிருப்பான்" என்றேன். எனக்கே அது எடுபடவில்லை.

"அந்தக் குள்ளனை எனக்குத் தெரியும். மேல கிடக்கிறது ஆறடி. அவன் எதுக்குக் காலை அப்படி மடக்கணும்?" வேனின் கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினாள். "இன்னொண்ணு கேளு. நான் அதை உதறி எழுப்பி விட்டேன். நல்லா புஸ்ஸுனு எழும்பி நின்னுச்சு. கையை எடுத்தேன். மெதுவா அமுங்குச்சு, லின்ட்சே. முதல்ல தலை. அப்புறம் தோள். கடைசியா அந்தக் கால்."

பஞ்சை மாற்றிவிடுவது, எனிட்டிடம் எதுவும் சொல்வதில்லை என்று வேனை விட்டு இறங்கும்போது முடிவு செய்தோம். கிழவியைக் காப்பாற்றுகிறோம் என்று எங்களுக்கு எண்ணம்.

திங்கட்கிழமை காலை நோலா என் கடையில் புதுப் பஞ்சுக் கட்டைத் தோளில் தூக்கும்போது எனிட் உள்ளே வந்தாள். தலை குளித்து வாரியிருந்தாள்.

"அதைக் கீழ வை. பஞ்சை யாரும் தொட வேண்டாம்" என்றாள். "எனக்கு மேட் கொடு, லின்ட்சே. சுத்தமா பளபளப்பே இல்லாதது. மருந்தும் கலக்காதே."

"மிசஸ் பெவன், அந்தப் பஞ்சு..." என்று இழுத்தேன்.

"அது எப்போ போட்டதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன்கிட்ட நான்தானே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன்." அவள் குரலில் பயம் இல்லை. "சனிக்கிழமை நீங்க போனப்புறம் தொட்டியில இறங்கினேன். யாரோ எவரோன்னு இத்தனை நாள் நடுங்கினேன். இல்லாட்டி என் மேல கோபமா வந்திருக்காரோன்னு. இப்போ எங்க வீட்டு மனுஷன்தானேன்னு இருக்கு. ரோவெனாவுக்குப் போன் பண்ணி, முதியோர் இல்லத்துக்கு நான் வரலைன்னு சொல்லிட்டேன்."

நோலா கட்டைக் கீழே வைத்தாள். "மேட் தண்ணியைக் குடிக்கும், மிசஸ் பெவன். ரெண்டு குளிர்காலத்துல கறுத்துடும். துடைச்சாலும் போகாது."

"பளபளப்புல முத்து முத்தா நின்னு என் மேல அழுத மாதிரி சொட்டுது. எனக்கு அது தாங்கலை. குடிச்சுட்டு அங்கேயே இருக்கட்டும்."

இருபது வருஷமாக ஊரில் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவள், அலமாரிக்குப் போய்த் தானே ஒரு மேட் டின்னை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அன்று மத்தியானம் அவள் அந்த சீலிங்கை அடித்தாள். இரண்டு கோட், பிசிறில்லாமல். முடித்துவிட்டு அந்தத் தொட்டியில் படுத்துப் பார்க்காமல் வந்துவிட்டாள். அவள் படுத்துப் பார்க்காத ஒரே வேலையும் அதுதான்.

அடுத்த வருஷம் ஜூலையில் எனிட் தீப்பெட்டி வாங்க வந்தாள். கன்னம் உப்பிச் சிவந்து, ஊறிக் குளித்தவள் முகமாக இருந்தது. நோலா பெயிண்ட் உருளையில் மாட்டும் துணி வாங்க வந்திருந்தாள்.

"நல்லாக் கறுத்துடுச்சு, நோலா, நீ சொன்ன மாதிரியே" என்றாள் எனிட். "ஒரு நடை வந்து பாரேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு சந்தேகம்."

நோலா உடனே போனாள். அரை மணியில் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. எனிட் இன்னும் என் கடை அடுப்புப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கு?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்" என்றாள் நோலா. "முன்னாடி என் வலது கைப் பக்கம் இருந்துச்சு. இப்போ இடது."

"அப்போ சரிதான். திரும்பிட்டார்." எனிட் தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. "என் பக்கம் மட்டும் திரும்பாதேன்னு அவ்வளவு சொன்னேன், பாரு. அந்த மனுஷன் நான் சொல்ற பேச்சை என்னைக்குமே கேட்டதில்ல."